பயண மென்பொருள் வாங்கலாமா? கடலூர், புதுச்சேரி நிறுவனங்களுக்கு ஒரு விரிவான பதில்

கடலூர் சிப்காட் வளாகத்தில் மருந்து இடைநிலைப் பொருள்கள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் நிர்வாகப் பிரிவில் பணியாற்றுபவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். அவர்கள் நிறுவனத்தில் விற்பனை, தரக்கட்டுப்பாடு, பராமரிப்பு ஆகிய பிரிவுகளுக்காக மாதம் சுமார் முப்பது விமான டிக்கெட்டுகள் எடுக்கப்படுகின்றன. ரயில், விடுதி, வாடகைக் கார் ஆகியவை தனி. அத்தனையையும் புதுச்சேரியிலுள்ள ஒரு பயண முகவர் வாட்ஸ்அப் வழியாகவே முடித்துத் தருகிறார். இப்போது ஒரு மென்பொருள் நிறுவனத்தார் வந்து, தங்கள் செயலியை வாங்கினால் ஊழியர்களே முன்பதிவு செய்துகொள்ளலாம், செயற்கை நுண்ணறிவு மிகக் குறைந்த கட்டணத்தைத் தேடித் தரும், முகவருக்கு இனி வேலையே இல்லை என்கிறார்களாம். வாங்கலாமா, முகவரை நிறுத்திவிடலாமா, அலுவல் பயணத்துறை எந்தத் திசையில் போகிறது, தொடங்குவதென்றால் எப்போது தொடங்கலாம் என்று கேட்கிறார்.

புதுச்சேரி, கடலூர்ப் பகுதித் தொழிற்சாலைகளின் பயண ஏற்பாடுகளோடு நெடுங்காலத் தொடர்பு உள்ளவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மென்பொருள் வாங்குங்கள், ஆனால் டிக்கெட் விலை குறையும் என்ற எதிர்பார்ப்பில் வாங்காதீர்கள். பதிவு செய்வது இன்று எவருக்கும் இரண்டு நிமிட வேலை. பயணம் குலையும்போது யார் பொறுப்பேற்கிறார்கள், பயணம் முடிந்தபின் பில்லும் வரிக் கணக்கும் ஒழுங்காக வந்து சேர்கின்றனவா என்பவைதான் நிறுவனத்துக்குப் பணத்தையும் நிம்மதியையும் மிச்சப்படுத்துபவை. எந்த மென்பொருளையும் அந்த இரண்டு அளவுகோல்களால் அளந்து பாருங்கள்.

கட்டண விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். விமான டிக்கெட் பதிவைக் கணினிக்குக் கொண்டுவந்த முதல் பெரிய அமைப்பான சேபரை அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐபிஎம்மும் சேர்ந்து 1960-களில் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. ஐரோப்பாவில் ஏர் பிரான்ஸ், லுஃப்தான்சா, ஐபீரியா, எஸ்ஏஎஸ் ஆகிய நான்கும் 1987-ல் அமேடியஸைத் தொடங்கின. உலகின் எந்த மூலையிலிருந்தும் ஒரு முகவர் பல நிறுவனங்களின் இருக்கைகளை ஒரே திரையில் பார்த்துப் பதிவு செய்ய முடிந்தது, முகவர்கள் ஜிடிஎஸ் என்று குறிப்பிடும் இத்தகைய அமைப்புகளால்தான். அந்த வசதிக்காக விமான நிறுவனங்கள் ஒவ்வொரு பதிவுக்கும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. அந்தச் செலவைக் குறைக்கவும், இருக்கைத் தேர்வு, உணவு, கூடுதல் பெட்டி போன்றவற்றைத் தாங்களே ஆளுக்கேற்ப விலை வைத்து விற்கவும் அவை விரும்பின. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐஏடிஏ 2012-ல் என்டிசி என்ற புதிய தரவுத் தரத்தை அறிவித்தது இதற்காகவே. 2015 செப்டம்பரில் லுஃப்தான்சா, ஜிடிஎஸ் வழியாக வரும் ஒவ்வொரு பதிவுக்கும் 16 யூரோ கூடுதலாக வசூலிக்கத் தொடங்கியது. 2023-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் கட்டணங்களில் கணிசமான பகுதியைப் பழைய வழியில் காட்டாமல் நிறுத்தியது. நிறுவன வாடிக்கையாளர்கள் விலகத் தொடங்கவே, மறு ஆண்டே அந்த முடிவிலிருந்து பின்வாங்கியது.

நம் நாட்டின் குறைந்த கட்டண விமான நிறுவனங்களோ பெரும்பாலும் தங்கள் வலைத்தளத்தையும் நேரடி இணைப்புகளையும் நம்பியே வளர்ந்தவை. ஆகவே ஒரே விமானத்தின் ஒரே வகுப்புக்கு முகவர் திரையில் ஒரு விலையும், நிறுவனத்தின் தளத்தில் வேறு விலையும், செயலியில் மூன்றாவது விலையும் தெரிவது இயல்பு; அதை வைத்து முகவர் கூடுதலாக எடுத்துக்கொள்கிறார் என்று சந்தேகப்பட வேண்டியதில்லை. மிகக் குறைந்த கட்டணம் என்று ஒரு மென்பொருள் காட்டுவது, அது எந்தெந்த வழிகளோடு இணைக்கப்பட்டிருக்கிறதோ அவற்றுக்குள் மிகக் குறைந்தது மட்டுமே. உங்களிடம் வந்தவர்களிடம் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். உங்கள் ஊழியர்கள் அடிக்கடி போகும் ஹைதராபாத், மும்பை, அகமதாபாத், வதோதரா தடங்களை எடுத்துக்கொண்டு, ஒரே நேரத்தில் செயலியிலும் விமான நிறுவனத் தளத்திலும் முகவரிடமும் விலை கேட்டுப் பாருங்கள். விளம்பர ஏட்டில் இல்லாதது அதில் தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆய்வாளர் வரும் தேதி மாறுவதாலும், ஆலை நிறுத்தம் தள்ளிப்போவதாலும் தொழிற்சாலைப் பயணத் தேதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. விமான நிறுவனங்கள் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கென்று தரும் எஸ்எம்இ கட்டணமும் கார்ப்பரேட் கட்டணமும் சாதாரணக் கட்டணத்தைவிடச் சில நூறு ரூபாய் கூடுதலாகத் தெரியலாம். ஆனால் தேதி மாற்றுவதற்கும் ரத்து செய்வதற்கும் பிடித்தம் குறைவு, உணவும் இருக்கையும் சேர்ந்தே வரும். பட்டியலில் கீழே உள்ள விலையை மட்டும் பார்த்து ஒப்புதல் தரும் விதியை மென்பொருளில் பதிந்துவிட்டால், முன்பதிவில் மிச்சமானதைப்போல் இரண்டு மடங்கு ரத்துக் கட்டணமாகப் போய்விடும். ரத்து என்றதும் பலருக்குத் தெரியாத ஒரு விதியைச் சொல்ல வேண்டும். பணம் திரும்பாத டிக்கெட்டாக இருந்தாலும், பயணி விமானத்துக்கு வராமலே போயிருந்தாலும், அரசு வரிகளையும் பயனர் மேம்பாட்டுக் கட்டணம் முதலிய விமான நிலையக் கட்டணங்களையும் விமான நிறுவனம் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டவும் கூடாது. பறக்காத டிக்கெட்டுகளை எவரும் பின்தொடர்ந்து கேட்காததால் இந்தப் பணம் பல நிறுவனங்களில் ஆண்டுக்கணக்காக அப்படியே கிடக்கிறது. பயன்படுத்தப்படாத டிக்கெட்டுகளின் பட்டியலை மென்பொருள் மாதந்தோறும் தருமா என்று கேளுங்கள். தருமானால் அது ஒன்றுக்காகவே அதை வாங்கலாம்.

அடுத்தது ஜிஎஸ்டி. உங்களைப் போன்ற நிறுவனத்தின் பயணச் செலவில் உண்மையான கசிவு இங்கேதான் இருக்கிறது என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பதிவு பெற்ற நிறுவனம் தன் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து விமான டிக்கெட் எடுத்தால், அந்தச் சேவை நிறுவனம் இருக்கும் மாநிலத்தில் வழங்கப்பட்டதாகச் சட்டம் கொள்கிறது. எனவே சாதாரண வகுப்புக்கான 5 சதவீத வரியை உள்ளீட்டு வரி வரவாக, அதாவது நிறுவனம் கட்டவேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுத்துக்கொள்ளலாம். வரிக்குரிய கட்டணம் 8,000 ரூபாய் என்றால் வரி 400 ரூபாய். மாதம் முப்பது டிக்கெட்டுக்கு 12,000, ஆண்டுக்கு 1,44,000 ரூபாய். ஆனால் மின்னஞ்சலில் வரும் பயண விவரத் தாள் வரி பில் ஆகாது. விமான நிறுவனம் தனியாக வெளியிடும் ஜிஎஸ்டி இன்வாய்ஸ் வேண்டும், விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களைக் காட்டும் உங்கள் ஜிஎஸ்டிஆர்-2பி படிவத்திலும் அது வந்திருக்க வேண்டும். ஊழியர் அவசரத்துக்குத் தன் சொந்தக் கைப்பேசியில், தன் பெயரில், ஜிஎஸ்டி எண் இல்லாமல் எடுத்த டிக்கெட்டுக்கு இந்த வரவு போனது போனதுதான்.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தொழில் செய்பவர்களுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டு ஜிஎஸ்டி எண் 33 என்றும் புதுச்சேரி எண் 34 என்றும் தொடங்கும். சிப்காட்டில் ஆலையும் புதுச்சேரியின் தட்டாஞ்சாவடியிலோ சேதராப்பட்டிலோ இன்னொரு கிளையும் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு இரண்டு எண்களும் இருக்கும். முகவரின் கணினியில் ஏதேனும் ஒன்றுதான் பதிந்திருக்கும். கடலூர் ஊழியரின் டிக்கெட் 34-ல் ஏறிவிடும். ஆண்டு முடிவில் கணக்குத் தணிக்கையாளர் கேட்கும்போது, எந்தப் பயணம் எந்த ஆலைக்கானது என்று பிஎன்ஆர் (பதிவு எண்) வாரியாகப் பிரித்துக்கொண்டு உட்கார வேண்டிவரும். நல்ல மென்பொருளில் ஊழியரின் பெயரோடு அவருடைய கிளையும் ஜிஎஸ்டி எண்ணும் கட்டப்பட்டிருக்கும். பதிவு செய்பவர் எவராக இருந்தாலும் எண் தவறாது.

விடுதி விஷயத்தில் சட்டம் வேறு மாதிரி. அறை இருக்கும் மாநிலமே சேவை நடந்த இடம். கடலூர் நிறுவனத்தின் ஊழியர் சென்னையில் தங்கினால் வரி தமிழ்நாட்டுக்கு. மும்பையில் தங்கினால் மகாராஷ்டிரத்துக்கு, அதைத் தமிழ்நாட்டு எண்ணில் வரவு வைக்க முடியாது. இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் புதுச்சேரியில் வாடிக்கையாளரைத் தங்க வைத்தாலும் இதே கதைதான். பில்லில் புதுச்சேரி வரி ஏறும், கடலூர் கணக்கில் வரவாகாது. 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு வரி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததால் இந்த இழப்பு முன்னைவிடச் சிறிது. ஆனால் அந்த எல்லையைத் தாண்டினால் 18 சதவீதம். 7,400 ரூபாய் அறைக்கு வரி 370 ரூபாய். 7,600 ரூபாய் அறைக்கு 1,368 ரூபாய். வாடகை நாளுக்கு நாள் மாறும் இக்காலத்தில், இருநூறு ரூபாய் வித்தியாசம் ஏறக்குறைய ஆயிரத்து இருநூறாக ஆவதை ஊழியர் கவனிக்கமாட்டார். 7,500 ரூபாய்க்கு மேல் போனால் எச்சரிக்கும்படி மென்பொருளில் ஒரு விதி வைத்தால் போதும். பதின்மூன்று பேர் வரை அமரும் வாடகைக் கார்களுக்குச் செலுத்தும் வரிக்குச் சில விதிவிலக்குகள் தவிர வரவே கிடையாது. அதைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

வாடகைக் கார் என்றதும், எந்த மென்பொருளும் சரியாகப் பார்க்காத ஒரு பகுதிக்கு வர வேண்டியிருக்கிறது. உலகளாவிய பயண மென்பொருள்கள் எல்லாம், பயணம் விமான நிலையத்தில் தொடங்குகிறது என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. நமக்கு அது வீட்டு வாசலில், பெரும்பாலும் நள்ளிரவில் தொடங்குகிறது. புதுச்சேரி விமான நிலையத்தின் ஓடுதளம் சுமார் 1,500 மீட்டர்தான். ஏடிஆர் போன்ற சிறு விமானங்கள் மட்டுமே இறங்க முடியும். 2024-ல் பல மாதங்கள் சேவையே இல்லாமலிருந்து, அந்த ஆண்டு டிசம்பரில்தான் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் மீண்டும் விமானம் பறந்தது. மற்ற ஊர்களுக்கு மீனம்பாக்கம்தான் வழி. காலை ஆறு மணி விமானம் என்றால், சிப்காட் வளாகம் இருக்கும் குடிகாட்டிலிருந்து நள்ளிரவு பன்னிரண்டரை மணிக்குக் கார் புறப்பட வேண்டும். புதுச்சேரி, திண்டிவனம், ஆத்தூர் சுங்கச்சாவடி, பரனூர் சுங்கச்சாவடி என்று இருட்டில் நூற்றெண்பது கிலோமீட்டர். ஊழியர் பின் இருக்கையில் தூங்கிவிடுவார். ஓட்டுநர் பகலில் வேறொரு சவாரி போய்விட்டு வந்தவரா என்று எவரும் கேட்பதில்லை. இறக்கிவிட்டு அவரே உடனே திரும்பியும் வருவார். பயணம் முழுவதிலும் உயிருக்கு ஆபத்து அதிகமுள்ள பகுதி இந்த நள்ளிரவுக் கார்ப் பயணம்தான் என்பது என் உறுதியான கருத்து.

செயலியில் இதற்கு இடமே இருக்காது. ஓட்டுநர் கையால் எழுதித் தரும் டிரிப் ஷீட்டில் புறப்பட்ட கிலோமீட்டர், முடிந்த கிலோமீட்டர், டோல், பேட்டா, இரவுக் கட்டணம் எல்லாம் இருக்கும். கீழே பயணியின் கையெழுத்து. அந்தத் தாள் சட்டைப் பையில் நனைந்து, மடிந்து, மாதக் கடைசியில் கணக்குப் பிரிவுக்கு வரும். ஒப்பிட்டுப் பார்க்க எவரிடமும் வேறு பதிவு இல்லை. அதைவிடக் கவலைக்குரியது, வாடகை குறைவு என்பதற்காக வெள்ளை நம்பர் பலகை உள்ள ஓன் போர்டு வண்டிகளை அமர்த்தும் பழக்கம். சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவான காரை வாடகைக்கு ஓட்டும்போது விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. மஞ்சள் பலகை வண்டி, ஓட்டுநரின் உரிமம், வண்டியின் தகுதிச் சான்று, ஓட்டுநருக்குப் போதிய ஓய்வு ஆகிய இவற்றை எந்தச் செயலியும் உங்களுக்காகச் சரிபார்க்காது. உங்கள் நிறுவனம்தான் எழுத்தில் விதியாக வைக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு முந்தைய விமானங்களுக்கு ஒப்புதல் தருவதில்லை, தவிர்க்க முடியாவிட்டால் முதல்நாள் மாலையே சென்று பல்லாவரத்திலோ தாம்பரத்திலோ தங்கிக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பத்து மணி விமானம் ஆயிரம் ரூபாய் கூடுதலாக இருந்தாலும் அதுவே சிக்கனம். பெண் ஊழியர்களின் பயணத்தில் இன்னும் ஒரு பொறுப்பு சேர்கிறது: பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பணி நிமித்தம் செல்லும் இடங்களையும் நிறுவனம் ஏற்பாடு செய்யும் வாகனத்தையும் பணியிடம் என்றே வரையறுக்கிறது.

இப்போது பயணம் குலையும் நாளுக்கு வருவோம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது சென்னை விமான நிலையம் மூடப்பட்டு மறுநாள் அதிகாலையில் திறக்கப்பட்டது. விமானங்கள் ஓடத் தொடங்கிய பிறகுதான் நம் பக்கத்துத் துன்பம் பெருகியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தைத் தொட்டு வெள்ளம் ஓடியதால் சென்னை–விழுப்புரம் தடத்தில் ரயில்கள் நின்றன. தென்பெண்ணை பெருகிக் கடலூரின் தாழ்வான பகுதிகளுக்குள் புகுந்தது. விமான நிலை காட்டும் செயலிகள் எல்லாம் சேவை வழக்கம்போல் என்று காட்டிக்கொண்டிருந்த நேரத்தில், வீடு வந்து சேர வழியில்லாமல் சென்னையில் நின்றவர்கள் பலர். இதற்கு ஓராண்டு கழித்து, 2025 டிசம்பர் தொடக்கத்தில், விமானிகளின் பணிநேர விதிகள் மாறியதை ஒட்டி இண்டிகோவின் ஆயிரக்கணக்கான சேவைகள் சில நாள்களுக்குள் ரத்தாயின. கட்டணங்கள் எகிறியதால் 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500 கிலோமீட்டருக்கு மேல் 18,000 ரூபாய் என்று அரசே உச்சவரம்பு அறிவித்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு பழுதான புதுப்பிப்பால் உலகெங்கும் கணினிகள் முடங்கியபோது, இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

இப்படிப்பட்ட நாளில் நிறுவனத்துக்கு உடனே தேவைப்படுவது ஒரே ஒரு பட்டியல்: நம்மவர்கள் யார், எந்த ஊரில், எந்த விடுதியில், எந்த விமானத்தில் திரும்பவேண்டியவர்கள். எல்லாப் பதிவுகளும் ஒரே இடத்தில் நடந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் அந்தப் பட்டியல் கையில் இருக்கும். பாதிப் பேர் தங்களுக்குப் பழக்கமான தளங்களில் தாங்களே எடுத்திருந்தால் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். திரும்பிவரும் பணமும் அவரவர் அட்டைக்குப் போய், பிறகு நிறுவனக் கணக்குக்கு வரும் வழி தெரியாமல் நிற்கும். மென்பொருளை நான் ஆதரிப்பதற்கு மிக முக்கியமான காரணம் இதுதான். அதே காரணத்துக்காகத்தான் முகவரை நிறுத்தவேண்டாம் என்றும் சொல்கிறேன். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் ஒரே செயலியில் மாற்று விமானம் தேடும்போது, விமான நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் தெரிந்தவர் உள்ள, விழுப்புரம் வரை ஒரு கார் அனுப்பக்கூடிய, இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசியை எடுக்கும் மனிதருக்கு ஈடு எதுவும் இல்லை.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் இந்த இடத்தை நிரப்பும் என்று இப்போது சொல்லப்படுகிறது. பயண விதிகளைத் தேடிச் சொல்லவும், பில்களைப் படித்துச் செலவுப் பட்டியல் தயாரிக்கவும், வழக்கமான தடங்களில் தேர்வுகளை முன்வைக்கவும் அவை உண்மையிலேயே உதவுகின்றன. நான் அவற்றைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவை தவறான விடையையும் அதே உறுதியோடு சொல்லும். கனடாவில் ஏர் கனடாவின் உரையாடி, துக்க காலச் சலுகையைப் பயணத்துக்குப் பிறகும் கோரலாம் என்று ஒரு பயணிக்குத் தவறாகச் சொல்லிவிட, அதற்கு நிறுவனமே பொறுப்பு என்று பிரிட்டிஷ் கொலம்பியத் தீர்ப்பாயம் ஒன்று 2024 பிப்ரவரியில் முடிவு செய்தது. உங்களுக்கு மென்பொருள் தருபவர், உரையாடி தந்த தவறான தகவலால் நேரும் இழப்பை ஏற்பாரா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். செலவு பில்களிலும் எச்சரிக்கை வேண்டும்: இல்லாத உணவகத்தின் பில்லை அச்சு அசலாக உருவாக்கிவிடுவது இன்று எளிது. படத்தை நம்பாமல், யுபிஐ அல்லது நிறுவன அட்டைப் பரிவர்த்தனையோடு பில்லைப் பொருத்திப் பார்க்கும் மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள்.

ரயில் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. தட்கலில் முதல் அரை மணி நேரம் முகவர்களுக்கு அனுமதி இல்லை. 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்ப்பும் கட்டாயம். ஆகவே அவசர ரயில் பயணத்துக்கு ஊழியரின் சொந்த ஐஆர்சிடிசி கணக்கில்தான் பதிவு செய்ய வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் தகவலையும் மென்பொருளில் சேர்க்க ஒரு வழி இருக்க வேண்டும். மதுரை, திருநெல்வேலிப் பக்கம் போகிறவர்கள் விழுப்புரத்தில் நிற்கும் வந்தே பாரத்தில் ஏறிக்கொள்ளலாம்; சென்னை வரை போய் விமானம் ஏறுவதைவிட நேரமும் அலைச்சலும் குறைவு. பெரும்பாலான பயண மென்பொருள்கள் இந்த வழியைத் தானாகக் காட்டுவதில்லை.

தனிப்பட்ட தகவல்களின் பாதுகாப்பில் உங்கள் இப்போதைய வழக்கம் எனக்குக் கவலை தருகிறது. வாட்ஸ்அப்பில் முகவருக்குப் பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், ஆதார், பான் அட்டை எல்லாம் படமெடுத்து அனுப்பப்பட்டிருக்கும். அவை முகவர் அலுவலகத்தில் எத்தனை கைப்பேசிகளில் இருக்கின்றன என்று எவராலும் சொல்ல முடியாது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, கட்டங்களாக நடைமுறைக்கு வருகின்றன. தகவல் கசிந்தால் முதல் பொறுப்பு முகவருக்கல்ல, ஊழியரிடமிருந்து அதைப் பெற்ற உங்கள் நிறுவனத்துக்கு. தண்டத்தொகையின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். மென்பொருள் வந்தாலும் வராவிட்டாலும் இந்தப் பழக்கத்தை இந்த மாதமே நிறுத்துங்கள். முகத்தை அடையாளமாகக் கொண்டு விமான நிலையத்துக்குள் விடும் டிஜியாத்ரா 2022 டிசம்பரில் டெல்லி, பெங்களூரு, வாராணசியில் தொடங்கி, 2024-ல் சென்னைக்கும் வந்தது. நேரம் மிச்சமாவது உண்மை. ஆனால் அது விருப்பத்தின் பேரில் சேர்வது. ஊழியர்கள் சேர்ந்தே ஆகவேண்டும் என்று நிறுவனம் சுற்றறிக்கை விடக்கூடாது.

வெளிநாட்டுப் பயணத்தில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு இந்தியர்களுக்கான விதி 2024 ஏப்ரலில் தளர்த்தப்பட்டது: கடந்த மூன்று ஆண்டுகளில் இரண்டு விசாக்களை முறையாகப் பயன்படுத்தியவர் இரண்டு ஆண்டுக்குப் பலமுறை செல்லும் விசா பெறலாம், அதன்பின் ஐந்து ஆண்டு விசாவுக்கும் வழி உண்டு. ஆகவே மருந்துக் கண்காட்சிகளுக்கு ஆண்டுதோறும் வெவ்வேறு ஆளை அனுப்பாமல், ஓரிருவரைத் தொடர்ந்து அனுப்புவது பயன் தரும். புதுச்சேரியில் பிரெஞ்சுத் துணைத் தூதரகம் இருக்கிறதே என்று ஜெர்மனிக் கண்காட்சிக்குப் பிரான்ஸ் விசா கேட்பது வேண்டாத வேலை. எந்த நாட்டுக்கு முதன்மையாகப் போகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் நாடுகளில் பாஸ்போர்ட் முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையும் முகப்படமும் பதியும் முறை படிப்படியாகக் கொண்டுவரப்பட்டது. 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்ற கணக்கை இனி கணினியே வைத்துக்கொள்ளும் என்பதால், கூடுதலாகத் தங்கிவிட்டு விளக்கம் சொல்லித் தப்ப முடியாது. ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் இப்போது கரியமில வாயு உமிழ்வுக் கணக்கும் கேட்கிறார்கள். அதில் அலுவல் பயணம் ஒரு தனி வகை. தடம், வகுப்பு, தூரம் இவை மென்பொருளில் இருந்தால் அந்தக் கேள்வித்தாளை ஒரு மணி நேரத்தில் நிரப்பிவிடலாம்.

ஆக, நான் பரிந்துரைப்பது இது: பதிவுகள், ஒப்புதல், ஜிஎஸ்டி இன்வாய்ஸ் ஆகியவை மென்பொருள் வழியாகவே போகட்டும்; முகவரை அதே அமைப்புக்குள் கொண்டுவந்து, மாற்றங்களையும் அவசர உதவியையும் கார் ஏற்பாட்டையும் அவரிடம் ஒப்படையுங்கள். டிக்கெட்டுக்குள் மறைந்த லாபத்தை நம்பி அவர் வேலை செய்ய வேண்டாம். ஒரு பதிவுக்கு இவ்வளவு, நள்ளிரவு உதவிக்கு இவ்வளவு என்று வெளிப்படையாகச் சேவைக் கட்டணம் கொடுங்கள், குறித்த நாளில் கொடுங்கள். விமான நிறுவனங்களுக்கு அவர் குறுகிய தவணையில் பணம் கட்டியாக வேண்டும். நாம் இரண்டு மாதம் இழுத்தடித்தால், அந்த வட்டியை அவர் எங்காவது ஏற்றித்தான் ஆகவேண்டும்.

மென்பொருள் ஒப்பந்தத்தில் ஓராண்டுக்கு மேல் கட்டுப்படாதீர்கள். விலகும்போது உங்கள் பயணத் தரவு முழுவதையும் எக்செல் கோப்பாகத் திருப்பித் தந்து, அவர்களிடமுள்ள பாஸ்போர்ட் நகல்களை அழிக்க வேண்டும் என்ற விதியைச் சேருங்கள். எப்போது தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். மழைக் காலத்தில் பழைய ஏற்பாட்டையும் விட்டுப் புதியதும் பழகாமல் நிற்கும் நிலை வந்துவிடும். ஜனவரியில் விற்பனைப் பிரிவில் மட்டும் தொடங்கி, மூன்று மாத இன்வாய்ஸ்களை ஜிஎஸ்டிஆர்-2பி-யோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஏப்ரல் முதல் தேதியிலிருந்து மற்ற பிரிவுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.